பம்பு மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

வெங்கிடேஷைப் போல ஒரு புருஷன் கிடைக்க ஆஷா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று வலியசாலை அக்கிரகாரம் முழுக்கச் சொல்லும். யார் வீட்டு மிக்ஸி நின்றாலும், யார் வீட்டு மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டாலும் அவன்தான் போய்ப் பார்ப்பான். கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று கண்டுபிடிப்பது உத்தியோகம். மனுஷர்களிடத்தில் எங்கே ஓட்டை என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை வெளியே சொல்ல மாட்டான், வைத்துக்கொள்வான். அவன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கத்துகிறவனிடம் திருப்பிக் கத்தலாம். சிரித்துக்கொண்டே இருக்கிறவனை என்ன செய்வது?

ஆஷாவின் வேலைதான் தெருவுக்கு விளங்கவில்லை. அவள் தவளை ஆராய்ச்சி செய்கிறாள். வயல்வரப்புத் தவளை இல்லை, பாதாளத் தவளை. வருஷம் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்துவிட்டு, முதல் மழை பிடிக்கும்போது ஓரிரு நாள் மட்டும் மேலே வந்து ஓடையில் முட்டையிட்டு, மறுபடி மண்ணுக்குள் போய்விடும் பிராணி. அது ஜோடி சேர்ந்து முட்டையிடுவதைப் படம் பிடித்துவிட்டால் அவளுடைய ஆராய்ச்சியின் கடைசி அத்தியாயம் முடிந்துவிடும். முந்தின வருஷம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அதற்கு முந்தின வருஷம் வெங்கிடேஷின் கம்பெனியில் குடும்ப விழா. சொல்லி வைத்ததுபோல அந்த ஓரிரு நாளும் கைநழுவிக்கொண்டே போயின. "இந்த மழையோடு சரி ஆஷா. இனிமே அவகாசம் வாங்கித் தர என்னால முடியாது" என்று அவளுடைய கைடு சாம்பசிவன் கையை விரித்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மலைமேல் இருக்கும் போணக்காட்டிலிருந்து நயினார் போன் செய்தார். தேயிலைத் தோட்டத்தில் வாட்சராக இருந்தவர். தோட்டம் முடங்கிப்போன பிறகும் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே தங்கி, ஆஷாவுக்காக அந்த ஓடையைக் கவனித்துக்கொள்கிறார்.

"ஆஷாம்மா, விடியக்காலத்திலேருந்து மண்ணுக்குள்ள கெடந்து கொக்கரிக்கு. மேகமும் எறங்கி நிக்கி. இன்னைக்கு அந்தியில வெளிய வந்துரும். எப்படியும் வந்து சேந்துருங்க."

வித்துரா தாண்டிக் காட்டு வழியில் ஏறவேண்டும். வனத்துறைச் செக்போஸ்ட்டை நாலு மணிக்குள் கடந்தாக வேண்டும், அதற்குப் பிறகு தடுப்புக் கம்பியைத் தூக்க மாட்டார்கள். ஆராய்ச்சிக்கான பாஸில் வண்டி நம்பரும் அச்சாகியிருந்தது, வேறு வண்டியில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மாற்றி எழுதி வாங்க ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. ஆக, அவளுடைய இத்தனை வருஷப் படிப்பும் வீட்டு வாசலில் நின்ற அந்தப் பழைய பெட்ரோல் ஜீப்பை நம்பி நின்றது. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. ஓட்டுவது அவள். ஆனால் பெட்ரோல் அடிப்பதும் சர்வீஸ் பார்ப்பதும் வெங்கிடேஷ். "அந்த அழுக்கெல்லாம் உனக்கெதுக்கு" என்று ஆரம்பத்திலேயே அன்பாக வாங்கிக்கொண்ட பொறுப்பு அது.

பைகளை ஏற்றிவிட்டு ஆஷா சாவியைத் திருகினாள். எப்போதும் முதல் திருகலிலேயே பின்சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய ரீங்காரம் ஒன்று எழும், டாங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பு எழுப்புகிற சத்தம். மண்ணில் காதை வைத்துத் தவளைக் குரல் கேட்டுப் பழகியவள் அவள். ரீங்காரம் எழவில்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது. என்ஜின் பிடிக்கவில்லை.

வெங்கிடேஷ் வாசலுக்கு வந்தான்.

"பெட்ரோல் பம்பு போயிடுத்துன்னு நினைக்கறேன். சத்தமே வரல்லை" என்றாள்.

"நினைக்கப்படாது ஆஷா, ப்ரூவ் பண்ணணும்" என்று அவன் கையுறையை மாட்டிக்கொண்டான். "ஸ்டெப் பை ஸ்டெப்பா போகலாம். நீ சயன்டிஸ்ட் அல்லே?"

பாட்டரி முனைகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினான். ஏர் ஃபில்டரை வெளியே எடுத்துத் தட்டினான். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, துணிமேல் வரிசையாக வைத்தான். ஆஷா பக்கத்திலேயே நின்று டார்ச் பிடித்தாள். அவள் வாய் திறக்கும்போதெல்லாம் "இதோ கிளம்பிடலாம், ரெண்டே நிமிஷம்" என்றான். அந்த ரெண்டு நிமிஷத்தை நம்பித்தான் அவள் நின்றாள். நம்பாமல் என்ன செய்வாள்? உதவி செய்கிறவன் கையைத் தட்டிவிட அவளை யாரும் வளர்க்கவில்லை. மாமியார் சுப்புலக்ஷ்மி மோர் கொண்டுவந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வேடிக்கைக்குக் கூடினார்கள்.

"லீவு நாளும் அதுவுமா பெண்டாட்டிக்காக வேர்த்து விறுவிறுத்து நிக்கறான் பாருங்கோ" என்று ஒரு மாமி சொன்னாள். வெங்கிடேஷ் தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டான்.

உச்சி வேளைக்கு அவன் கை கழுவிக்கொண்டு சாப்பிடப் போனான். "பசியோட வேலை பண்ணினா தப்பு வரும் கேட்டோ" என்றான். ஆஷாவுக்குச் சோறு இறங்கும் நிலையில்லை. அவனுடைய கருவிப் பெட்டியைத் திறந்து தானே தொடங்கினாள். ஃபியூஸ் நன்றாக இருந்தது. பம்பின் ரிலேயைப் பிடுங்கிவிட்டு ஹார்னுக்கு உள்ளதை அந்த இடத்தில் மாட்டினாள், மாற்றமில்லை. பின்சீட்டை மடக்கி, கார்ப்பெட்டை விலக்கி, தரையிலிருந்த தகட்டு மூடியைக் கழற்றினாள். கீழே டாங்கின் தலைப்பில் பம்புக்குப் போகும் ஒயர். அதைக் கழற்றி முனையில் டெஸ்ட் விளக்கை மாட்டி வைத்துவிட்டு முன்னால் போய்ச் சாவியைத் திருகினாள். விளக்கு பளிச்சென்று எரிந்து ஓரிரு நொடியில் அணைந்தது. என்ஜின் ஓடாதபோது பம்புக்குக் கரெண்ட் அவ்வளவு நேரம்தான் வரும். கரெண்ட் சரியாக வருகிறது, பம்புதான் சுற்றவில்லை. சந்தேகத்துக்கே இடமில்லை.

உள்ளே ஓடிப்போய்ச் சொன்னாள். வெங்கிடேஷ் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"பேஷ். கண்டுபிடிச்சுட்டியே" என்றான். "ஆனா இன்னிக்கு சாலைக் கடைத்தெருவிலே ஸ்பேர் பார்ட்ஸ் கடை திறக்க மாட்டா. ஆன்லைன்லே போட்டுடறேன். செவ்வாக்கிழமை வந்துடும்."

செவ்வாய்க்கிழமை தவளைகள் மண்ணுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும். ஆஷா செருப்பை மாட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தாள். எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அங்கே அழகியநம்பியின் கடை பாதி ஷட்டர் இறங்கிக் கிடந்தது. உள்ளே அவர் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று தலைமுறைக்கு முன்பு நாஞ்சில் நாட்டிலிருந்து வந்த வியாபாரக் குடும்பம். அவள் குனிந்து உள்ளே நுழைந்து வண்டியின் பெயரைச் சொல்லிப் பம்பு கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"அந்த வண்டிக்கு உள்ள பம்பு இங்க சாதாரணமா வைக்கது இல்ல மோளே. உங்க வீட்டுக்காரரு சொன்னதுக்காவ எர்ணாகுளத்திலேருந்து வரவழைச்சுல்லா குடுத்தேன். போன வாரம் வந்து வாங்கிட்டுப் போனாரே. 'சத்தம் மாறிட்டு, எப்பம் வேணும்னாலும் நின்னுரும்'னாரு. இன்னும் மாட்டலியா?"

ஆஷாவுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். காலையிலிருந்து அவனுக்கு டார்ச் பிடித்தோமே என்ற வெட்கம். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று ஊரில் சொல்வார்கள். கழுத்தை அறுக்க வெளிச்சமும் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். பிறகுதான் கோபம் வந்தது. வந்த வேகத்தில் கடைக்காரரிடம் சொல்லிக்கொள்ளாமலே வெளியேறி, வெயிலில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

வெங்கிடேஷ் ஊஞ்சலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பம்பு எங்கே?"

"எந்த பம்பு?"

"போன வாரம் அழகியநம்பி கடையிலே வாங்கினது."

அவன் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பிடிபட்டவன் முழிப்பானே, அந்த முழிப்புக்கூட இல்லை.

"ஓ, அதுவா. பீரோ மேலே இருக்கு. நீ கேக்கலையே."

ஆஷா நாற்காலி போட்டு ஏறி அட்டைப்பெட்டியை எடுத்தாள். இப்போதே மாட்டினால் செக்போஸ்ட்டைப் பிடித்துவிடலாம், நேரம் இன்னும் இருந்தது. பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு டாங்கின் தலைப்பில் ஸ்பானரை வைத்தாள். பின்னாலேயே அவன் வந்தான். தெருவில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொன்னான்: "பெட்ரோல் சமாசாரம் ஆஷா. ஒரு பொறி விழுந்தா தெருவே போயிடும். இப்படிக் கொடு."

"நான் பண்ணிப்பேன்."

"கொடுத்துடும்மா குழந்தே" என்றாள் பக்கத்து வீட்டு மாமி. மற்றவர்களும் சொன்னார்கள். தீ என்ற வார்த்தையைக் கேட்டபிறகு யார்தான் சும்மா இருப்பார்கள்? சுப்புலக்ஷ்மி வந்து ஆஷாவின் தோளைப் பிடித்து இறக்கினாள். அவன் அவள் கையிலிருந்து ஸ்பானரை வாங்கிக்கொண்டான். பிடுங்கவில்லை, வாங்கிக்கொண்டான்.

அப்புறம் அவன் வேலை செய்த அழகைச் சொல்லவேண்டும். கோயிலில் விக்கிரகத்துக்கு அலங்காரம் பண்ணுகிறவன்கூட அத்தனை நிதானமாகச் செய்ய மாட்டான். ஆவி போகட்டும் என்று டாங்கின் மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தான். குழாய் எது எங்கே என்று மறக்காமலிருக்க ஒவ்வொன்றையும் படம் எடுத்தான். பழைய பம்பை மிதவையோடு சேர்த்து வெளியே தூக்கி, பெட்ரோல் சொட்டச் சொட்டக் கூட்டத்துக்குக் காட்டினான்.

"இது பெட்ரோல்லே முங்கிக் கிடந்தாத்தான் சூடாகாது மாமா. இவ அடி டாங்க் வரைக்கும் வத்த விட்டு ஓட்டுவா. கருகாம என்ன பண்ணும்?" என்றான். பெட்ரோல் அடிப்பது அவன் என்பதும், போகவர மட்டும் அளந்து அடிப்பது அவன் வழக்கம் என்பதும் அங்கே யாருக்குத் தெரியும்?

புது ரப்பர் வளையத்தை வைத்து, இறுக்கி, கழற்றி, துடைத்து, திரும்ப வைத்தான். ஆஷா பார்த்துக்கொண்டே நின்றாள். போன மாதம் பக்கத்துத் தெருக்காரர் ஒருவரின் காருக்கு இதே வேலையை அவன் காப்பி ஆறுவதற்குள் முடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அவள் கையைப் பிசைந்தாள். ஒரு தடவை "சீக்கிரம்" என்றாள். "அவசரப்பட்டா கசியும்" என்றான். செக்போஸ்ட் மூடும் நேரம் வந்தது, போனது. அதற்குப் பிறகு அவன் கை தானாக வேகம் பிடித்தது. மிச்ச வேலை மளமளவென்று முடிந்தது.

சாவியைத் திருகினான். ரீங்காரம் எழுந்தது. என்ஜின் ஒரே உதறலில் பிடித்துக்கொண்டது. வாசலில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

ஆஷாவுக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. எல்லோரும் கேட்கட்டும் என்றே சொன்னாள்.

"இந்த பம்பை இவர் போன வாரமே வாங்கி வெச்சிருக்கார். பம்புதான் கேடுன்னு காலம்பறவே இவருக்குத் தெரியும். தெரிஞ்சுண்டே என்னை நிறுத்தி வெச்சிருக்கார்."

கூட்டம் ஒரு கணம் வெங்கிடேஷைப் பார்த்தது. அவன் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "ஒரு முன்னேற்பாடுதான். இன்னிக்கே போகும்னு யார் கண்டா" என்றான்.

"பாத்தேளா" என்றாள் சுப்புலக்ஷ்மி, கண் கலங்கிவிட்டது அவளுக்கு. "இவளோட வண்டி வழியிலே நின்னுடப்படாதேன்னு ஒரு வாரம் முன்னாடியே வாங்கி வெச்சிருக்கான். எந்தப் பிள்ளை செய்வான்? இதைப் போய்க் குத்தம் சொல்றயேம்மா."

மாமிகளும் மாமாக்களும் ஆஷாவை இரக்கத்தோடு பார்த்தார்கள். படிப்பு அதிகமானால் இப்படித்தான் என்று அந்தப் பார்வை சொல்லிற்று. அவள் கையில் இருந்தது ஒரே ஒரு கத்தி. அதை எடுத்து வீசினாள், அது அவனுக்கு மாலையாகப் போய் விழுந்தது. இனி அவள் என்ன சொன்னாலும் அவன் கழுத்தில் இன்னொரு மாலை ஏறும். அது அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

கூட்டம் கலைந்தபிறகு கூடத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். வெளியே மழை பிடித்தது. நயினாரிடமிருந்து போன் வந்தது.

"எங்கம்மா இருக்கீங்க? கம்பிய அடைச்சுட்டானுவளே. இங்க ஓடை முழுக்க வந்தாச்சு. ஜோடி ஜோடியா இருக்கு. என் போன்ல படமெல்லாம் எடுக்க முடியாதும்மா, இருட்டிட்டு. சத்தத்தயாவது கேளுங்க. இந்தா."

அவர் போனை ஓடைப் பக்கம் நீட்டியிருக்க வேண்டும். மழையும் ஓடைத் தண்ணீரும் அதற்கு நடுவே நூற்றுக்கணக்கான குரல்களும் சேர்ந்து வந்தன. ஆஷா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். அவளுக்கு அழுகை வந்தது. அவன் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஸ்பீக்கர்லே போடேன், அம்மாவும் கேக்கட்டும்" என்றான் வெங்கிடேஷ். அவள் அசையாததைப் பார்த்துத் தானே கையை நீட்டித் திரையைத் தொட்டான். குரல்கள் கூடம் முழுக்கப் பரவின.

"அய்யே, கோழி கொக்கரிக்கற மாதிரின்னா இருக்கு" என்று சுப்புலக்ஷ்மி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

வெங்கிடேஷ் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து, ரசிக்கிறவனைப்போல உண்மையான கவனத்தோடு கேட்டான். பிறகு ஆஷாவின் தலையை வருடிக் கொடுத்தான்.

"பாத்தியா, நம்மாத்திலே உக்காந்துண்டே கேட்டாச்சு. இதுக்குப் போய் அவ்வளவு தூரம் போகணும்னியே."