கஞ்சி காயும் முன்

காலை ஏழு நாற்பது. ஆரணியின் ஒரு குறுகிய தெருவில் நெசவாளி பார்த்திபன் தறியில் ஏற்றவேண்டிய நீள இழைகளை, தன் பாவு நூலை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தான். மூன்று சேலைக்கான பட்டு நூல். கஞ்சி தடவியாயிற்று. அது காய்வதற்குள் இழை இழையாகப் பிரித்துவிட வேண்டும். முந்திக் காய்ந்தால் நூல்கள் ஒட்டிக்கொள்ளும். மூன்று சேலையும் போய்விடும்.

அவனும் மனைவி சூர்யகலாவும் ஆளுக்கொரு முனையிலிருந்து பிரித்து வந்தார்கள். பாதி மிச்சமிருக்கும்போதே வெயில் எதிர்வீட்டு மாடியைத் தாண்டிவிட்டது.

அப்போது பள்ளி ஊர்வலம் தெருவுக்குள் திரும்பியது. நாற்பது பிள்ளைகள், நாற்பது அட்டைகள். எல்லா அட்டையிலும் பூமி. எல்லாப் பூமிக்கும் காய்ச்சல். ஆசிரியை பவித்ரா வழிவிடச் சொன்னார். நாற்பது பேருக்கு எண்பது முழங்கை, பாவில் இடிக்கும், முடியாது என்றான் பார்த்திபன். மைதானத்தில் அதிகாரி காத்திருப்பதாக அவர் சொன்னார். கஞ்சி காத்திருக்காது என்றான்.

எதற்கு ஊர்வலம் என்று சூர்யகலா கேட்டாள். முன்னால் நின்ற மதிவதனி, ஐந்தாம் வகுப்பு, மனப்பாடமாக ஒப்பித்தாள். வண்டியும் ஆலையும் விடும் புகை பூமியைக் கம்பளிபோல் போர்த்துகிறது. சூடு வெளியே போக முடியவில்லை. ஒரு டிகிரிக்குமேல் ஏறிவிட்டது.

"ஒரு டிகிரிக்கா இவ்ளோ பேஜாரு?" என்றான் பார்த்திபன்.

"முன்னெல்லாம் எட்டு மணிக்கு பாவு போட்ட ஆளு நீ," என்றாள் சூர்யகலா. "இப்ப அஞ்சுக்கே என்னை எழுப்பிகினு கீற. இன்னிக்கு ஒருநாள் தூங்கிட்ட, பாரு."

அதற்குள் இரண்டு இழைகள் ஒட்டியிருந்தன. மதிவதனி தன் அட்டையை வெயிலுக்குக் குறுக்கே பிடித்தாள். நிழல் விழுந்த இடத்தில் ஈரம் நின்றது.

பார்த்திபன் அதைப் பார்த்தான். பிறகு ஆசிரியையைப் பார்த்தான்.

பிள்ளைகள் வெயில் பக்கமாக வரிசை கட்டினார்கள். முழங்கைகளை உடம்போடு ஒட்டிக்கொள்ளும்படி அவனே சொல்லிக்கொடுத்தான். அட்டைகள் சுவராயின. வாசகங்களை வெயில் மட்டும் படித்தது. ஊர்வலம் வந்துகொண்டே இருப்பதாகப் பவித்ரா அதிகாரிக்குப் போனில் சொன்னார். கோஷம் போடலாமா என்று ஒரு பையன் கேட்டான். பாவில் எச்சில் படாமல் போடச் சொன்னாள் சூர்யகலா.

கடைசி முழமும் பிரிந்தது. வீணானது இரண்டு இழைதான். பாவைச் சுருட்டினார்கள், ஊர்வலம் நகர்ந்தது. மதிவதனி மட்டும் நின்றாள்.

"அண்ணா, அடுத்த வருஷம் நிழலுக்கு எத்தினி பேரு வரணும்?"