பச்சையில் வந்த பெயர்

ஷூ கம்பெனியில் நானும் என் நாத்தனாரும் பக்கத்துப் பக்கத்து மிஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்தோலைத் தைத்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கட்டுத் தோலும் தைத்து முடிந்ததும் எங்கள் அட்டையை ஒரு திரையில் தட்ட வேண்டும். வேகமாகத் தைப்பவர் பெயர் பச்சையில் வரும், பின்தங்குபவர் பெயர் சிவப்பில். அவளுக்கு மணிக்கட்டு வீங்கியபோது வேலை போய்விடுமே என்று பயந்து, நான் தைத்த கட்டுகளில் பாதிக்கு அவள் அட்டையைத் தட்டினேன். கை சரியான பிறகாவது விட்டேனா? பாழாய்ப்போன பாசம்.

பிறகு, கம்ப்யூட்டரில் பேட்டர்ன் வரையும் பயிற்சிக்கு ஆள் எடுத்தார்கள். யாரையும் கேட்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்கள். பச்சையில் முதல் பெயர் அவளுடையது.

"அண்ணி, நான் போய் உண்மையைச் சொல்லிடவா?" என்று அழுதாள்.

"வாயைத் தொறந்தேன்னா ரெண்டு பேர் வேலைக்கும் உலைதான். பேசாம போ."

போனாள். நன்றாகத்தான் கற்றுக்கொண்டாள், பொய் சொல்லக் கூடாது.

போன வாரம் எங்கள் வரிசைக்குத் தானாகவே தைக்கும் மிஷின் வந்து இறங்கியது. பயிற்சி இல்லாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், என்னையும் சேர்த்து.

சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தங்கச்சியின் தட்டில் பெருமையாக இன்னொரு கரண்டி சோறு போட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவ பக்கத்துலயேதானே உக்காந்திருந்தே? அவளைப் பார்த்தாவது கொஞ்சம் வேகமா தைக்கக் கத்துக்கிட்டிருக்கலாம்ல?"

நாத்தனார் தலை நிமிரவே இல்லை. நான் அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினேன்.