அத்தை பக்கத்துச் சுவர்

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கும் சத்தம் எட்டுகிற தூரத்தில், ஒரே வீட்டை நடுவில் அறுத்தது போல இரண்டு வீடுகள். அறுத்தது போல என்ன, அறுத்ததுதான். அண்ணனும் தங்கையும் ஐந்து வருஷம் கோர்ட்டில் நின்று பிரித்துக்கொண்டார்கள். நடுச்சுவரை மட்டும் கோர்ட்டாலும் பிரிக்க முடியவில்லை. இரண்டு பக்கத்து உத்திரங்களும் அந்த ஒரே சுவரில்தான் தலை வைத்திருந்தன.

அண்ணன் காலமாகிவிட்டார். அவர் பக்கத்தில் இப்போது மகன் கைலாஷ், அவன் மனைவி ஆஷா, ஏழு வயதுப் பெண் பத்மப்ரியா. மறுபக்கம் தங்கை விஜயம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, செக்ரட்டேரியட்டில் செக்ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தைக்கும் மருமானுக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை.

என் கண்மணிகளே, ஆஷாவுக்கு அந்தத் தை மாசத்தில் வயிற்றில் ஐந்து மாசம். ஸ்கேனில் இரட்டை என்று வந்திருந்தது. வீட்டிலோ படுக்கையறை ஒன்றே ஒன்று. கூரையைப் பிரித்து மாடி எடுத்தால்தான் உண்டு. வைகாசியில் பிரசவம், அதன் பின்னாலேயே மழை. இப்போது விட்டால் கார்த்திகை வரைக்கும் கூரையில் கை வைக்க முடியாது. ஐந்து பேர் ஒரு அறையில் எப்படிப் படுப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

மாடிச் சுவர் அந்தப் பொதுச்சுவர் மேல் எழும்ப வேண்டும். அதற்கு அத்தையின் சம்மதக் கடிதம் இல்லாமல் கார்ப்பரேஷனில் பிளானைத் தொடமாட்டார்கள்.

"கர்ப்பம்னு மட்டும் வாயைத் திறந்துடாதே," என்றான் கைலாஷ். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் கடப்பாரை போடக் கூடாது என்பது அந்தத் தெருவில் எழுதாத சட்டம். "தெரிஞ்சா அத்தை அதையே பிடிச்சுண்டு வேலையை நிறுத்திடுவா."

ஆஷா புடவையைத் தளர்த்திச் சுற்றிக்கொண்டு, கடிதத்தோடு அத்தை வீட்டு வாசலில் நின்றாள். உள்ளே வா என்று விஜயம் சொல்லவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதத்தை மூன்று தடவை படித்தாள்.

"மாடில ரூம் யாருக்கு?"

"அவருக்கு அத்தை. ஆத்துலேர்ந்தே வேலை பாக்கறார் இல்லையா? ஒரு ஆபீஸ் ரூம்..."

"ஆபீஸ் ரூம்." விஜயம் ஆஷாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "வேற ஒண்ணுக்கும் இல்லையே?"

"வேற ஒண்ணும் இல்லை."

"உன் ஆம்படையான் கம்ப்யூட்டர் தட்டறதுக்கு என் சுவர் பாரம் சுமக்கணுமாக்கும்! பஸ் பிடிச்சு ஆபீசுக்குப் போகச் சொல்லு." கடிதத்தை நாலாக மடித்து ஆஷாவின் கையில் திணித்தாள். "அவன் அப்பாவும் இப்படித்தான். கேக்க வேண்டியதைக் கேக்கமாட்டார்."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

மறுநாள் காலை, கைலாஷ் முன்னமே சொல்லிவைத்திருந்தபடி, பாறசாலைப் பக்கத்திலிருந்து மேஸ்திரி சத்தியநேசன் சுவரைப் பார்க்க வந்தார். தட்டிப் பார்த்தார், அளந்தார். ஆஷா காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவர் காப்பியை எடுக்காமல் அளவு நாடாவைச் சுருட்டினார்.

"சாரே, எனக்கு நாலு பிள்ளையளாக்கும். என்னை ஏமாத்தப்பிடாது. அம்மைக்கு எத்தனை மாசம்?"

கைலாஷுக்கு முகம் சிவந்தது. "சர்ச்சுக்குப் போற வேதக்காரனுக்கு என்னய்யா இந்தச் சாஸ்திரமெல்லாம்?"

"வேதத்துல ஒண்ணும் எழுதல்ல சாரே. எனக்க வீட்டுக்காரி மூணாவதைச் சுமந்துகிட்டு இருக்கச்சில, அடுக்களையை நீட்டி இழுக்கணும்னு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினேன். எட்டாம் மாசம் பிள்ளை போச்சு. நான் தொடமாட்டேன். வேற ஆளைப் பாருங்க."

"பயந்தாங்கொள்ளி! போய்யா, ஊர்ல மேஸ்திரிக்கா பஞ்சம்?"

"எந்த மேஸ்திரியும் வரமாட்டான், நீ ஏன் தொண்டை கிழியக் கத்தறே?"

திரும்பிப் பார்த்தார்கள். வாசற்படியில் விஜயம்.

"ஆபீஸ் ரூமாம்! ரெட்டை ரெட்டைன்னு நீ குதிச்ச அன்னிக்கு என் அடுக்களைப் பாத்திரம் ஆடித்துடா. மூணு மாசமா கார்த்தால அஞ்சு மணிக்கு இவ வாந்தி எடுக்கற சத்தத்துலதான் நான் எழுந்துக்கறேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் செவிடியா இருக்கா?"

ஆஷாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "எல்லாம் தெரிஞ்சுண்டுதான் மாட்டேன்னேளா?"

"நீ ஆபீசுக்குக் கேட்டே. ஆபீசுக்கு மாட்டேன்னேன். கேட்டதுக்குத்தான் பதில் எழுத முடியும். முப்பத்திரண்டு வருஷம் அப்படித்தான் ஃபைல் பாத்தேன்."

"இப்போ குழந்தைகளுக்குக் கேக்கறேன்."

விஜயம் மேஸ்திரியிடம் திரும்பினாள். "ஏன்யா, என் ஆத்துல யாராவது பிள்ளைத்தாய்ச்சி இருக்காளா?"

"அங்க நீங்க மட்டுந்தானே அம்மா."

"அறுபத்திநாலு வயசு. சந்தேகம்னா டாக்டர் சர்டிபிகேட் தரேன். சுவத்துல பாதி என்னுது. என் பக்கத்துலேர்ந்து முதல் அடி போடு. அப்போ இது என் ஆத்து வேலை."

சத்தியநேசன் தாடையைச் சொறிந்தார். "அப்படீன்னா கொள்ளாம், தொடலாம். ஆனா முதல் அடிக்கு அம்மை இந்தக் கூரைக்குக் கீழ நிக்கப்பிடாது."

"அத்தை..." கைலாஷின் குரல் இளகியது.

"உருகாதே. சும்மா இல்லை. இந்தச் சுவரை எடுத்துட்டு ரெண்டு சுவரா கட்டணும். உன் உத்திரம் உன் சுவத்துல, என்னுது என் சுவத்துல. ரெண்டும் சேர்ந்து அழறது, நீ குதிக்கறது, ஒரு எழவும் இனிமே என் காதுல விழக்கூடாது. அதுக்கு வேண்டிய ஒரு அடி இடம் உன் பக்கத்துலேர்ந்து."

"ஒரு அடி போனா கட்டில் எங்கே போடறது?" என்றாள் ஆஷா. "சத்தம் வேண்டாங்கறது நீங்க. உங்க பக்கம் அரை அடி விடுங்கோ."

"என் பூஜை அலமாரி இடிக்கும்."

"அப்போ எங்க முக்கால், உங்க கால். அலமாரியை நகர்த்தலாம், குழந்தைகளை நகர்த்த முடியாது."

"உன் மாமனார் செத்தும் வாயை உனக்கு விட்டுட்டுப் போயிருக்கார்." விஜயம் கையை நீட்டினாள். "பேனா எங்கே? முக்காலுக்கு ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் திரும்பக் கோர்ட்டுதான்."

மாசி மாசம் அனுமதி வந்தது. வேலை தொடங்கிய காலையில் ஆஷா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ச்சாரியில் போய் நின்றாள். அத்தை வீட்டிலிருந்து முதல் அடி கேட்டது. பிறகு இன்னொன்று. சுவரில் ஓட்டை விழுந்திருக்க வேண்டும், ஏனென்றால் விஜயத்தின் குரல் இரண்டு வாசல் வழியாகவும் வெளியே வந்தது.

"இதென்ன ஹாலா, ஆக்ரிக் கடையா? நான் பொறந்த ஆம்டா இது! ஓட்டை உடைசலா இப்படியா ரொப்பி வெச்சுண்டிருக்கே?"

"உங்க பக்கம் மட்டும் அரண்மனையோ?" என்று கைலாஷ் கத்தினான்.

"அம்மா, மறுபடியும் சண்டை போடறா," என்றாள் பத்மப்ரியா.

"போடட்டும்," என்றாள் ஆஷா. அவள் காது சண்டையில் இல்லை. அதற்கு அடியில் நிற்காமல் விழுந்துகொண்டிருந்த கடப்பாரை அடிகளில் இருந்தது.