ஞாயிறு வந்த சனிக்கிழமை வண்டி

ஓய்வுநாளில் கடப்பாரையைத் தொட்ட குற்றத்துக்காக லெமுவேல் ப்ரூயிட்டை ஹிக்கரி ஃபோர்க் பாப்டிஸ்ட் சபை விசாரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தண்டவாளம் பழுதுபார்க்கும் எட்டுப் பேருக்கு மேஸ்திரி அவன். மார்ச் மழையில் மண் சரிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியபோது, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் முட்டுக்கொடுத்துவிட்டான். இன்னொரு தடவை செய்தால் சபையைவிட்டு விலக்கம் என்று தீர்ப்பாயிற்று. டென்னசி மலைக்குள் அந்த ஊரில் விலக்கப்பட்டவனுக்கு ஒருவரும் கைகொடுக்க மாட்டார்கள். அவன் மனைவி ட்ரூசில்லா, தான் பிறந்து வளர்ந்த சபையிலேயே தலையைக் குனிந்துகொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் டீக்கன் சாட்டர்ஃபீல்ட் தீர்ப்போடு திருப்தியடையவில்லை. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் கருவிக் கொட்டகைச் சாவி அவர் கைக்கு வந்துவிட வேண்டும், திங்கள் காலைதான் திரும்பக் கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தார். அதைக் கடிகாரச் சங்கிலியில் கோத்து, வயிற்றின் மேல் எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கவிட்டுக்கொண்டுதான் ஜெபத்துக்கு எழுந்து நிற்பார். சொர்க்கத்தின் சாவியே ஆனாலும் இதைவிடப் பளபளப்பாக வைத்திருக்க முடியாது.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் லெமுவேலின் மகள் கெசியாவுக்கு ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம். கரையெல்லாம் சேறு. பெண்கள் பாவாடை நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயங்க, டீக்கனுக்கு ஒரு யோசனை உதித்தது.

"ரயில் பாலத்து மேல நின்னு பாப்போம். சேறும் இல்ல, நல்லாவும் தெரியும்."

"பாலம் வேண்டாம் டீக்கன்," என்றான் லெமுவேல். "நேத்து வரவேண்டிய சரக்கு வண்டி இன்னும் போகல."

டீக்கன் கோட்டுப் பையிலிருந்து ரயில் அட்டவணையை எடுத்து விரித்தார். "ஞாயித்துக்கிழமைக்கு நேரா என்ன போட்டிருக்கு, படிங்க பிரதர்."

"ஒண்ணும் போடல."

"அப்புறம் என்ன?"

"அது சனிக்கிழமை வண்டிங்க. தாமதமாயிருக்கு."

"சனிக்கிழமை வண்டி எப்படி பிரதர் ஞாயித்துக்கிழமை வரும்? கர்த்தர் நாளை நாளாப் பிரிச்சு வெச்சது எதுக்கு?"

கூட்டம் சிரித்தது. "வேற ஒண்ணுமில்ல, ப்ரூயிட்டுக்குக் கை அரிக்குது," என்றது ஒரு குரல்.

ட்ரூசில்லா அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, இன்னிக்கு ஒரு நாளாவது வாய மூடிக்கிட்டு இருங்களேன். பொண்ணு முழுக்கு எடுக்கிற நாளு."

அவன் மூடிக்கொண்டான். நாற்பத்திரண்டு பேர் பாலத்தின் மேல் வரிசையாக நின்று பாட்டை எடுத்தார்கள். கீழே போதகர் டிட்வெல் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்க, கெசியா வெள்ளை அங்கியோடு இறங்கினாள். அங்கி மிதக்காமலிருக்க அதன் ஓரத்தில் ட்ரூசில்லா கூழாங்கற்களை வைத்துத் தைத்திருந்தாள்.

லெமுவேல் பாலத்தின் முனையில் குந்தித் தண்டவாளத்தில் உள்ளங்கையை வைத்தான். அதிர்ந்தது. நாற்பத்திரண்டு பேர் பாடினால் அதிராதா என்று கையை எடுத்தான். மறுபடி வைத்தான். பாட்டின் தாளத்துக்கும் இந்த அதிர்வுக்கும் ஒட்டவேயில்லை.

"வண்டி வருது! எல்லாரும் இறங்குங்க!"

டீக்கன் அவனைப் பார்த்து விரலை ஆட்டிவிட்டுத் தன் கட்டைக் குரலை இன்னும் உயர்த்தினார். வண்டி வருவது இறக்கத்தில். வளைவு தாண்டினால் நேராகப் பாலம்தான். கண்ணில் பட்ட பிறகு ஓட்டுநரால் நிறுத்த முடியாது. எச்சரிக்கைக் கொடி கொட்டகைக்குள். அதன் சாவியோ பாலத்தின் நட்டநடுவில், டீக்கன் வயிற்றின் மேல் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு கணம் மகளைப் பார்த்தான். பிறகு பாலத்தருகே இருந்த கொட்டகைக்கு ஓடி, கல்லால் பூட்டை அடித்து உடைத்தான். சிவப்புக் கொடியையும் சக்கரம் ஏறியதும் வெடித்து ஓட்டுநரை எச்சரிக்கும் தண்டவாள வெடிகள் இரண்டையும் வாரிக்கொண்டு வளைவுக்கு ஓடினான். பின்னால் பாட்டு உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எந்த நிமிடமும் மகளின் தலை தண்ணீருக்குள் போகும் என்று தெரிந்தும் அவன் திரும்பவில்லை. வெடிகளின் ஈயப் பட்டையைத் தண்டவாளத்தில் மடக்கிவிட்டுக் கொடியோடு நிமிர்ந்தபோது புகை தெரிந்தது.

டமார், டமார். சக்கரங்கள் கிறீச்சிட்டன. எஞ்சின் அவனைத் தாண்டி இழுத்துக்கொண்டே போய், பாலத்தின் முதல் கட்டைக்கு நான்கடி முன்னால் நின்றது.

லெமுவேல் பின்னாலேயே ஓடிவர, ஓட்டுநர் தலையை நீட்டினார். "யோவ், பாலத்து மேல என்னய்யா கூட்டம்?"

"ஞானஸ்நானம்," என்றான் லெமுவேல், மூச்சு வாங்க.

"அத தண்ணிக்குள்ளதான குடுப்பாங்க?"

அந்த விஷயத்தில் டீக்கன் முந்திக்கொண்டிருந்தார். முதல் வெடிக்கே, தொப்பியைக்கூடக் கழற்றாமல், ஆற்றில் குதித்துவிட்டார். கெசியா தலை தூக்கிக் கண்ணைத் திறந்தபோது எதிரே அவர் ஆற்றோடு மிதந்து போய்க்கொண்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை சபைக் கூட்டம். குற்றச்சாட்டைப் படித்தவர், சளியோடு, டீக்கனேதான்.

போதகர் நயமாகச் சொன்னார்: "மனம் வருந்துறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க பிரதர். எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்."

பெண்கள் வரிசையிலிருந்து ட்ரூசில்லாவின் கண்கள் அவனைக் கெஞ்சின. லெமுவேல் எழுந்தான்.

"எதுக்குன்னு மனம் வருந்தட்டும் போதகரே? வண்டி நின்னதுக்கா?"

"ஓய்வுநாள்ல வேலை செஞ்சதுக்கு."

"அந்த வேலைதான வண்டிய நிறுத்துச்சு. என்னால பொய் சொல்ல முடியாதுங்க."

ட்ரூசில்லா தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் போதகர் தொண்டையைச் செருமினார். ஓய்வுநாளில் குழியில் விழுந்த எருதைத் தூக்கிவிடலாம் என்று கர்த்தரே அனுமதித்திருக்கிறார். பாலத்தில் நின்ற நாற்பத்திரண்டு பேரையும் எருதுகளாகக் கொண்டால் பிரதர்மேல் குற்றமில்லை என்றார்.

டீக்கன் துள்ளி எழுந்தார். "நான் எருதா? வண்டி வந்து நின்னப்போ நான் பாலத்து மேலயே இல்ல! ஆத்துக்குள்ள கெடந்தேன்!"

நடவடிக்கைப் புத்தகம் எழுதும் எலாம் க்ரோ யோசித்தான்.

"அப்படிப் பாத்தா, விழுந்த எருது நீங்க ஒருத்தர்தானே டீக்கன்?" என்றபடி பேனாவை மையில் தொட்டான். "ஒண்ணுன்னு எழுதட்டுமா, நாப்பத்திரண்டுன்னு எழுதட்டுமா?"

சாட்டர்ஃபீல்ட் சுற்றிலும் பார்த்தார். சிரிப்பை அடக்கி அடக்கி எல்லோர் முகமும் சிவந்திருந்தது.

"நாப்பத்திரண்டுன்னே போடுங்க," என்று முனகிவிட்டு, லெமுவேலின் விடுதலைக்கு முதல் ஆளாகக் கையைத் தூக்கினார்.