வேர்க்குருங்க மிஸ்

எங்கூர்ல யாரும் யாரோட மனசும் நோகப் பேச மாட்டாங்க. ஏனுங்க, வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்கன்னு வார்த்தைக்கு வார்த்தை ஒரு ‘ங்க’ போட்டுத்தான் பேசுவாங்க. கோயமுத்தூர்ப் பக்கத்து ஆளுங்க எவ்வளவு மரியாதைன்னு வெளியூர்க்காரங்க சொல்றப்ப முந்தியெல்லாம் எனக்கே பெருமையாத்தான் இருக்கும். இப்ப அதக் கேட்டா எந்திரிச்சுப் போயிர்றேன். அந்த மரியாதை எங்கூட்டுக்குள்ள பூந்து என்ன பண்ணுச்சுன்னு சொல்றேன், கேளுங்க.

எம்பேரு கீதா. காரமடையில குடியிருக்கறோம். எங்கூட்டுக்காரரு மேட்டுப்பாளையம் காய் மண்டியில வேல பாக்கறாரு. எங்களுக்கு ஒரே புள்ள, சாய்ப்ரியா. அஞ்சு வயசுல அவளுக்கு ரத்தத்துல புத்துநோய்னு கண்டுபிடிச்சாங்க. அப்பறம் காரமடை ஊட்டுல அடுப்பெரிஞ்ச நாளே கம்மி. கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரியிலதான் கெடந்தோம். முடி கொட்டுச்சு, கன்னமெல்லாம் ஊதிப் போச்சு, ஆனா வாய் மட்டும் ஓயல. நர்ஸம்மா ஊசி போடறதுக்குப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா, கையத் தூக்கி “பிரசண்ட் மிஸ்”ம்பா. அந்த அம்மாவே சிரிச்சுப்போடும். எப்பம்மா பள்ளிக்கூடம் போலாம், எப்பம்மா பள்ளிக்கூடம் போலாம்னு ஒரே நச்சரிப்பு.

முடி மறுபடியும் மொளச்சு சுருட்ட சுருட்டையா வந்துச்சு. ஜூன் மாசம் பள்ளிக்கூடம் போலாம்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. ஆனா ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. “மாத்திரை இன்னும் ஓடிட்டு இருக்கும்மா, உடம்புல எதிர்ப்புச் சக்தியே கிடையாது. சளி, காச்சல்னா பாத்துக்கலாம். அம்மை மட்டும் ஆகாது. வகுப்புல எந்தக் குழந்தைக்காவது அம்மைன்னு காதுல விழுந்தா அன்னிக்கே இங்க தூக்கிட்டு வந்துருங்க. முன்னாடியே போடற ஊசி ஒண்ணு இருக்கு. கொப்புளம் கிளம்புனதுக்கப்பறம் வந்தா அந்த ஊசிக்கு வேலையில்ல.”

அவ்வளவுதாங்க. சாமி வரம் கேக்கல நானு. யாருக்காச்சும் அம்மைன்னா ஒரு வார்த்தை, அன்னிக்கே எனக்குச் சொல்லணும். இத நான் பள்ளிக்கூடத்துல போய் ஹெட்மாஸ்டர் ஜெபமணி சாருகிட்டச் சொன்னேன். வகுப்பு டீச்சர் மெர்சி மிஸ்ஸையும் வெச்சுக்கிட்டுத்தான் சொன்னேன். “நீங்க வெசனப்படாதீங்கம்மா, மொதப் போனு உங்களுக்குத்தானுங்க”ன்னாரு சாரு. கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டு வந்தேன்.

ரெண்டாங் கிளாஸ் பி செக்‌ஷன்ல சாய்ப்ரியாவுக்கு மொத பெஞ்சு. பக்கத்துல கிருபாசங்கர். அவன் எங்கூட்டுக்கு மூணு ஊடு தள்ளியிருக்கற லோகப்பிரியாவோட பையன். ரெண்டு பேரும் ஒரே வேன். லோகப்பிரியா என்னைய அக்கா அக்கான்னு உசுர உடுவா. புள்ளைக்கு என்ன சீக்கு, எது ஆகும் எது ஆகாது, எல்லாமே அவளுக்கு அத்துப்படி. ஆஸ்பத்திரிக்குப் போறப்பெல்லாம் எங்கூட்டுச் சாவிய அவகிட்டத்தான் குடுத்துட்டுப் போவேன்.

பொங்கல் லீவுக்கு அவ அம்மா ஊட்டுக்கு அன்னூர் போனா. காணும் பொங்கலன்னிக்குப் பூப்பறிக்கற நோம்பிக்கு வந்துருவேன்னவ வரல. பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் வந்தா. பையன் கொஞ்சம் எளச்சிருந்தான். “என்ன லோகா, தம்பி வாடிக் கெடக்கறான்?”னு கேட்டேன். “அம்மா ஊட்டுல பலகாரமாத் தின்னு வயிறு செரியில்லீங்க்கா”ன்னா. நானும் ஓமம் போட்டுக் காய்ச்சிக் குடுன்னு சொல்லிப்போட்டு வந்தேன். மக்யா நாள் வெடியால ரெண்டு புள்ளைகளும் கையக் கோத்துக்கிட்டு வேன் ஏறுனாங்க. நாந்தான் கதவச் சாத்தி உட்டேன்.

பின்னாலதான் தெரிஞ்சுது, பையனுக்கு அன்னூர்ல அம்மை போட்டிருக்குது. வேப்பலை, மஞ்சத்தண்ணி எல்லாத்தையும் அந்த ஊட்டு வாசலோட உட்டுட்டு வந்துட்டா. அம்மை எறங்கத் தலைக்கு மூணு தண்ணி ஊத்தணும். அவங்க ஊட்டு வழக்கம், மூணாந் தண்ணி ஊத்தறவரைக்கும் ஆத்தா வந்ததப் பத்தி வெளிய வாயத் தொறக்கக்கூடாதாம், தொறந்தா ஆத்தா கோவிச்சுக்குவாளாம். செரி, வாயத் தொறக்க வேண்டாம். கதவயாச்சும் சாத்தி வெச்சிருக்கலாமில்ல? மொதத் தண்ணி ஊத்துனதுமே ஆத்தா எறங்கிட்டான்னு வேன் ஏத்தி உட்டுட்டா. லீவு கம்மியாப் போடற புள்ளைக்கு ஆண்டு விழாவுல மெடலு குடுக்கறாங்க பாருங்க, ஏற்கெனவே மூணு நாள் போச்சேன்னு அவளுக்கு வவுத்தெரிச்சல். மூணாந் தண்ணி ஊத்தாம ஊருக்குச் சொல்லக்கூடாது, ஆனா ஊருக்குள்ள அனுப்பலாம். என்ன சாஸ்திரமோ, கெரகம்.

மெர்சி மிஸ்ஸு பாத்திருக்கறாங்க. கழுத்துல, காதுக்குப் பின்னால பொருக்கு. காலர ஒதுக்குனா இன்னும் நீர் கோத்த கொப்புளம் ரெண்டு. பக்கத்துல எம்புள்ள. அன்னிக்குப் பொழுதோட பள்ளிக்கூடம் உட்டதும், பீஸ் கட்ட வந்த லோகப்பிரியாவ வேன்கிட்டப் புடிச்சு, “ஏனுங்க, தம்பிக்குக் கழுத்துல என்னங்க?”ன்னு கேட்டிருக்கறாங்க.

“வேர்க்குருங்க மிஸ்”ன்னாளாம் இவ.

தை மாசக் குளுருங்க அது. வெடியால எந்திரிச்சா வாயில பொகை வருது. அந்தக் குளுர்ல எவனுக்கு வேர்க்குரு வரும்? மிஸ்ஸுக்குத் தெரியாதா? தெரிஞ்சுது. தெரிஞ்சும், “செரிங்க, பவுடர் போட்டு உடுங்க”ன்னு சொல்லிப்போட்டு வந்துட்டாங்க. அப்பறம் ஹெட்மாஸ்டர்கிட்டப் போய் சொல்லியிருக்கறாங்க. அடுத்த வருசத்துக்கு அட்மிசன் போட்டுட்டு இருக்கற நேரம். பள்ளிக்கூடத்துல அம்மைன்னு ஊருக்குள்ள பேச்சு வந்துச்சுன்னா எவன் வருவான்? மறுநாள் எங்க வாட்ஸாப் குரூப்புல ஒண்ணு வந்துச்சு.

“மதிப்பிற்குரிய பெற்றோருக்கு வணக்கம். பருவநிலை மாற்றம் காரணமாகச் சில குழந்தைகளுக்குச் சிறு உடல்நலக் குறைவு காணப்படுகிறது. பெற்றோர் தகுந்த முன்னெச்சரிக்கையுடன் இருக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். கைகளை அடிக்கடி கழுவப் பழக்குவோம்.”

அடேங்கப்பா, என்ன தமிழு, என்ன பணிவு! அம்மைங்கற மூணெழுத்து மட்டும் அதுல இல்ல. வரிசையா எல்லாரும் கும்புடற கைப் பொம்மையா அனுப்புனாங்க. நானும் “நன்றிங்க சார்”னு போட்டு ஒண்ணு அனுப்புனேன். புள்ளைக்குக் கை கழுவ ஒரு சோப்பும் வாங்கிட்டு வந்தேன். வேற என்னத்தச் செய்யச் சொன்னாங்க?

மாசி பொறக்கறதுக்கு முந்தி எம்புள்ளைக்குக் காச்சல் வந்துச்சு. சட்டையக் கழட்டுனேன். நெஞ்சு பூரா முத்து முத்தாக் கெடக்குது. ஊட்டுக்காரரு மண்டியில இருந்தவரு அப்பிடியே ஓடியாந்தாரு. காரப் புடிச்சு கோயமுத்தூர் போய்ச் சேந்தோம். டாக்டரு பாத்துட்டு, “யாருக்கும்மா இருந்துச்சு? ஏன் அப்பவே வரல?”ன்னாரு. நான் என்னத்தச் சொல்றது? சோப்பு வாங்கிக் குடுத்தேன் சார்னா சொல்றது?

மருந்தெல்லாம் ஏத்துனாங்க. அவங்க மேல குத்தம் சொல்ல எனக்கு மனசு வராது, ராவும் பகலும் நின்னாங்க. கொப்புளம் நுரையீரல்லயும் போய் உக்காந்துக்கிச்சு. மெர்சி மிஸ்ஸு பாக்க வந்தவங்க வராண்டாவுல என் கையப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதாங்க. அப்பத்தான் இந்தக் கழுத்துக் கொப்புளம், வேர்க்குருக் கதையெல்லாம் வெளிய வந்துச்சு.

“தெரிஞ்சுதுல்லீங்க மிஸ்? ஒரு போனு போட்டிருக்கலாமில்ல?”னு கேட்டேன்.

“உங்காளுங்க அத அம்மா வந்திருக்கான்னு சொல்றாங்க. நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. முந்தி ஒருக்கா ஒரு பையனுக்கு அம்மை நோய்னு சொல்லிட்டேன்னு அவங்கப்பா வந்து, சாமி காரியத்த நோய்ங்கறியான்னு சத்தம் போட்டாருங்க. ஜெபமணி சாரும், அவங்க நம்பிக்கையில நாம தலையிட வேண்டாம், பொதுவாப் போட்டுக்கலாம்னு சொல்லிட்டாருங்க. அவங்க மனசு நோகக்கூடாதேன்னுதானுங்க...”

யாரு மனசும் நோகலீங்க. லோகப்பிரியா மனசு நோகல, ஆத்தா மனசு நோகல, சர்ச்சுக்கும் கோயிலுக்கும் ஒரு சண்ட சச்சரவு இல்ல. எம்புள்ளைக்குத்தான் மூச்சு உட முடியல. கடைசி நாள் நர்ஸம்மா மூக்குக் குழாய மாத்த வந்து, “சாய்ப்ரியா”ன்னு மெதுவாக் கூப்பிட்டாங்க. கை கொஞ்சம் மேல எந்திரிச்சுது. சத்தம் வரல. அன்னிக்கே போயிட்டா.

எழவுக்கு ஊரே வந்துச்சு. ஜெபமணி சாரு மாலையோட வந்தாரு. லோகப்பிரியா எம் மடியில உழுந்து பொரண்டா. “பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு ஆத்தாளுக்கு வேண்டிக்கிட்டுத்தானுங்க்கா தம்பிய அனுப்புனேன்”னா. அப்பவே அவளுக்கு மனசுக்குள்ள உறுத்தியிருக்குதுன்னு பாருங்க. அடிப்பாவி, வேண்டிக்கிட்ட நேரத்துல எனக்கு ஒரு சத்தம் குடுத்திருக்கக்கூடாதா, மூணாவது ஊடுதான்டீ நானு!

அதுக்கப்பறமும் வாட்ஸாப் குரூப்புல இருந்து என்னைய எடுக்கல. எப்பிடி எடுப்பாங்க, மரியாதக்காரங்களாச்சே. புள்ளையப் பறிகொடுத்தவள எடுத்தா மனசு நோகுமில்ல? நானும் வெளிய வரல. தெனமும் ஆறு மணிக்கு ஓம்ஒர்க் வரும். தமிழ் பக்கம் இத்தன, கணக்கு இத்தன. எடுத்துப் படிப்பேன். அந்தக் குரூப்புல யாருக்கும் பேரு கெடையாது, புள்ள பேருதான். நானு ‘சாய்ப்ரியா அம்மா’. என்னைய அப்பிடிச் சொல்ற எடம் வேற எதுவும் மிச்சமில்ல.

மாசி மகத்துத் தேர் லீவு முடியற அன்னிக்கு மறுபடியும் அதே சேதி வந்துச்சு. மதிப்பிற்குரிய பெற்றோர், பருவநிலை மாற்றம், சிறு உடல்நலக் குறைவு. ஒரு எழுத்து மாத்தல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தனியா ஒரு மெசேஜ். அதே வகுப்புல படிக்கற ஜோவிதாவோட அம்மா கெசியா. “அக்கா, பாப்பாவுக்கு முதுகுல நாலஞ்சு கொப்புளம். போட்டோ பாருங்க. இது அதானுங்களா? உங்களுக்குத்தான் தெரியும்னு கேக்கறேன். யாருகிட்டயும் சொல்லீராதீங்க.”

போட்டோவப் பெருசாக்கிப் பாத்தேன். அதேதான். கெசியா சர்ச்சுக்குப் போறவ, அவளுக்கு ஆத்தாளும் இல்ல, மூணு தண்ணியும் இல்ல. ஆனா பயம் மட்டும் ஒண்ணுதான். கொஞ்சங் கூடக் கோவப்படாம எழுதுனேன். அம்மைதான், டாக்டர்கிட்டக் காட்டுங்க, எல்லாக் கொப்புளமும் காஞ்சு பொருக்காகறவரைக்கும் அனுப்பாதீங்க, பள்ளிக்கூடத்துல வெளிப்படையாச் சொல்லிருங்க. “செரிங்க அக்கா, ரொம்ப நன்றிங்க”ன்னு கும்புடற கை வந்துச்சு.

வெடியால பாலு வாங்கப் போனேன். வேன் நிக்கற எடத்துல அந்தப் புள்ள நிக்குது. மாசி வெயில்ல முழுக்கைச் சொட்டரு. நான் நேரா போய் நின்னேன்.

“கெசியா, இந்தப் புள்ளைய ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போ.”

அவ மொகம் வெளுத்துப் போச்சு. சுத்தி ஆறேழு அம்மாமாருங்க, லோகப்பிரியாவும்தான். கெசியா எல்லாத்தையும் ஒரு பார்வ பாத்துட்டு, எம் மூஞ்சியப் பாக்காம, “வேர்க்குருங்க அக்கா”ன்னா.

“ராத்திரி நீதானே போட்டோ அனுப்புன!”

“அக்கா பாவம், இன்னும் தெளியல”ன்னு யாரோ மெதுவாச் சொன்னாங்க. எல்லாரும் தரையப் பாத்தாங்க. வேனுக்குள்ள எல்.கே.ஜி. புள்ளைக நாலு ஒண்ணு மேல ஒண்ணு சாஞ்சு தூங்கிட்டு இருக்குது. ஜோவிதாவ அதுகளுக்கு நடுவுல ஏத்தி உட்டாங்க. “நேரமாச்சுங்கம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க”ன்னு வேன்காரரு மரியாதையாத்தான் சொன்னாரு. வேன் போயிருச்சு. லோகப்பிரியா என் தோளத் தொட்டு, “வாங்க்கா, ஊட்டுல ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போவீங்களாம்”ன்னா. தட்டி உட்டேன்.

அந்த ரோட்டுல நின்னுக்கிட்டே குரூப்புல எழுதுனேன். ஜோவிதா பேர எழுதிட்டு அழிச்சேன், புள்ள என்ன பண்ணும் பாவம். இதுதான் எழுதுனேன்: “நம்ம வகுப்புல அம்மை இருக்குது. வேர்க்குரு இல்ல, பருவநிலை மாற்றம் இல்ல, அம்மை. எம்புள்ள செத்தது இதுலதான். இன்னிக்கு வேன்லயும் ஒரு புள்ள அம்மையோட போயிருக்குது. யாரூட்டுல கைக்கொழந்த இருக்குதோ, மாசமாயிருக்கறவங்க இருக்கறாங்களோ, சீக்காளி இருக்கறாங்களோ, உங்க புள்ளைகளக் கூட்டிட்டு வந்துருங்க.”

எல்லாரும் படிக்கறது தெரியுது. ஒருத்தரும் ஒண்ணும் போடல. இந்தத் தடவ கும்புடற கை கூட வரல. யாராச்சும் ஒருத்தி, என்னக்கா சொல்றீங்கன்னாவது கேப்பான்னு பாத்துட்டே நின்னேன். கொஞ்ச நேரத்துல நான் எழுதுனது காணாமப் போச்சு. கீழ ஒரு வரி வந்துச்சு. ஜெபமணி சாரு என்னைய குரூப்புல இருந்து எடுத்துட்டாரு.

எம்புள்ள செத்தப்பக் கூட எடுக்காதவங்க. பால் பாக்கெட்டக் கையில புடிச்சுக்கிட்டு, ரோடுன்னு கூடப் பாக்காம கத்தி அழுதேன். இனி என்னைய யாரு சாய்ப்ரியா அம்மான்னு கூப்புடுவா?