நகரசபைக் கூரையில் ஒரு துடைப்பம்

போரில் டன்னென்ஃபுர்ட் நகரத்துப் பாதி வீடுகள் கூரையை இழந்தன. மீதிப் பாதிக்கும் கூரை வேண்டாம் என்றவர் எக்ஹார்ட் வோன்னெபெர்க்.

கட்டடக் கலைஞராக இருந்தவரை, இருபுறமும் சரியும் முகட்டுக் கூரை மூடர்களின் தொப்பி என்று கட்டுரைகள் எழுதினார். யாரும் படிக்கவில்லை. கவுன்சிலராகிக் கட்டடத் துறை கைக்கு வந்ததும் அதையே விதியாக எழுதினார். எல்லோரும் படிக்க வேண்டியதாயிற்று. சந்தைத் திடலைச் சுற்றி இனி தட்டைக் கூரைதான். முகடு கேட்டு வந்த மனுக்கள் எல்லாவற்றையும், "ரசனைக் குறைவு" என்றெழுதி, அவருடைய அலுவலக எழுத்தர்களான நாங்கள் திருப்பி அனுப்பினோம்.

அவர் வரைந்த புது நகரசபைக் கட்டடம், அவரே நின்ற மேயர் தேர்தலுக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு மேலே எழும்பி நின்றது, பெட்டி மாதிரி.

எங்கள் ஊர்ப் பக்கம் புதுக் கட்டடத்தில் கூரை ஏறிய அன்று முகட்டில் தேவதாரு மாலை கட்டி, தச்சு மேஸ்திரி மேலே நின்று பாட்டுச் சொல்லி, குடித்த கண்ணாடிக் கோப்பையை வீசி உடைப்பார். பிறகு கட்டடம் கட்டுவிப்பவர் செலவில் பீரும் சாசேஜும். வோன்னெபெர்க் யோசித்தார்: முகடு இல்லை, ஆகவே மாலை இல்லை, ஆகவே பீர் இல்லை. விருந்து போடாத கஞ்சனுக்குத் தச்சர்கள் மாலைக்குப் பதில் துடைப்பம் கட்டுவார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

வியாழன் காலை நகரசபை உச்சியில் துடைப்பம் ஆடியது. காற்றின் திசை பார்க்க வைத்தது என்று வோன்னெபெர்க் பத்திரிகைக்காரரிடம் சொன்னார். எதிர் வேட்பாளரான ரொட்டிக் கடை ஸ்ட்ரோபெல், கடை ஜன்னலில் ஏழு துடைப்பங்களை அடுக்கினார்.

வோன்னெபெர்க் தச்சு மேஸ்திரி டீமரைத் தேடிப் போனார்.

"மேஸ்திரி, பீர் எத்தனை பீப்பா வேணும்னாலும் தர்றேன். அதை மட்டும் இறக்கிடுங்க."

"பீரை நாங்க எப்ப வேணாம்னோம், கவுன்சிலர் சார்? மாலையை எங்க கட்டுறது?"

"சும்மா மாடியில நின்னு பாட்டைச் சொல்லிடுங்களேன்."

"துணி காயப்போடுற இடத்துல நின்னு பாட்டுச் சொல்லவா எங்கப்பன் என்னைத் தச்சனாக்குனாரு?"

மேயர் நாற்காலி கண்ணெதிரே நழுவியது. சின்னதாக, எட்டே மரத்தில் ஒரு முகடு போடச் சம்மதித்தார். எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தர் ஹெல்மிகே அம்மாள் படிவத்தை நீட்டினார்.

"அனுமதி குடுக்குறதே நான்தானேம்மா?"

"மனுதாரர் கையெழுத்து மேல, அதிகாரி கையெழுத்து கீழ. விதி எழுதினது நீங்கதான் சார்."

மேலே கையெழுத்திட்டார். கீழே வந்ததும் பழகிய கை, "ரசனைக் குறைவு" என்று எழுதிவிட்டது. ஹெல்மிகே அம்மாள் முகம் மாறாமல் இரண்டாவது படிவத்தை எடுத்து வைத்தார்.

தேர்தலுக்கு முந்தின நாள், சனிக்கிழமை, முகட்டில் தேவதாரு மாலை ஏறியது, கோப்பை உடைந்தது, பீர் ஓடியது, துடைப்பம் இறங்கியது. ஞாயிறன்று அறுபத்தொரு வாக்கில் ஜெயித்தார்.

திங்கள் காலை அலுவலக வாசலில் முப்பத்துநான்கு பேர் முகடு கேட்டு நின்றார்கள். முதல் ஆள் ஸ்ட்ரோபெல். நகரசபைக்குக் கொடுத்த அனுமதியின் நகலை ஒவ்வொருவரும் இணைத்திருந்தார்கள். ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்கு மறுக்க வழியில்லை. எட்டு மரத்தைப் பிரித்துவிடலாமென்றால் விதிப்படி அதற்கு அண்டை வீட்டார் சம்மதம் வேண்டும். அண்டை வீடு ஸ்ட்ரோபெலுடையது.

இரண்டு வருடத்தில் திடலைச் சுற்றிலும் முகடாக நின்றது. சுற்றுலாக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். மேயர் வோன்னெபெர்க் அவர்கள் முன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "போருக்கப்புறம் இந்தத் திடல்ல முதல் முகட்டைப் போட்டவன் நான்."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.