ஸ்டெப்னி மட்டும் சின்னது

“சொல்லிட்டேன் மாமா, அப்பாவுக்குத் தெரியும்” என்று டயர்க்கடை மாமாவிடம் சொல்லிப் போனை வைத்தேன். அது பொய். அப்பாவுக்குத் தெரியாது. ஜீப்பின் பின்கதவில் மாட்டியிருக்கிற ஸ்டெப்னி மற்ற நாலு டயரையும் விடச் சின்னது என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லை. அப்பா இப்போது மழையில், மலைப்பாதையின் எட்டாவது வளைவில், அந்த ஸ்டெப்னியைத்தான் கழற்றிக்கொண்டிருப்பார். இல்லை, கழற்றியே முடித்திருப்பார்.

மணி பன்னிரண்டே கால். பயத்தில் எல்லாம் முன்னும் பின்னுமாக வருகிறது. முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

அப்பாவுக்கு வேலை மலை உச்சியில் இருக்கிற செல்போன் டவரில். ஜெனரேட்டர் நின்றாலும் பேட்டரி இறங்கினாலும் அவர்தான் ஏற வேண்டும். டவர் நின்றுவிட்டால் மலையில் சிக்னலும் நின்றுவிடும். அதாவது, அவர் மலையில் இருக்கிற நேரத்தில்தான் அவரிடம் பேச முடியாது. கூட வேலை பார்க்கிற ஒருவர் துணைக்குப் போவார். தடிமனான கண்ணாடி போட்டிருப்பார், எல்லோரும் அவரை சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில் நைட் ஷிப்ட். போன் லாக்கருக்குள் இருக்கும். வீட்டில் நான் மட்டும்தான்.

எங்கள் ஜீப்புக்குத் தடியன் என்று பேர் வைத்ததே நான்தான். எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே வீட்டுக்கு வந்த வண்டி. இரண்டு வருஷமாக அதன் ஆயில், பிரேக், கிளட்ச் எல்லாவற்றையும் நான்தான் பார்க்கிறேன். அப்பா என்னை இன்ஜினியரம்மா என்றுதான் கூப்பிடுவார். போன மாதம் டயர் நாலும் மொட்டையாகிவிட்டது. “எந்த டயர் போடலாம்னு நீயே பாத்துச் சொல்லு” என்று அப்பா என்னிடம் விட்டுவிட்டார்.

பழைய டயர் இருபத்தொன்பது அங்குலம். அந்தப் பாதைக்கு முப்பது போதும். இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தேதான் முப்பத்துமூன்று கேட்டேன். ஒரு நாள் அப்பா என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டபோது என் வகுப்புப் பையன் ஒருத்தன், “யானைக்கு எலிக்கால் வச்ச மாதிரி இருக்கு உங்க வண்டி” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றிலிருந்து தடியனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணில் பட்டது அந்தக் கால்கள்தான்.

டயர்க்கடை மாமா முதலிலேயே சொன்னார். “அண்ணே, முப்பது போடுங்க, கண்ணை மூடிக்கிட்டு ஓட்டலாம். முப்பத்துமூணு போட்டா போட்டோவுக்கு நல்லா இருக்கும். ஸ்பிரிங்குக்குக் கீழ கட்டை குடுத்துத் தூக்கணும், பிரேக் பிடிச்சா ரெண்டடி தள்ளிப் போய்த்தான் நிக்கும்.”

“எனக்கு ஏறணும், இறங்கணும். அவ்ளோதான். நான் என்ன அழகுப் போட்டிக்கா போறேன்?” என்றார் அப்பா.

நான் விடவில்லை. “ஆறாவது வளைவுல அடில கல்லு இடிக்குதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க? பெரிய டயர் போட்டா வண்டி உசரும். இடிக்காது” என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்காக மட்டும் நான் கேட்கவில்லை.

அப்பா டயர்க்கடை மாமாவைப் பார்த்துச் சிரித்தார். “பாத்தியா, என் பொண்ணு பாயிண்டைப் பிடிச்சிட்டா. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், போட்டுரு.” வேலைக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “எந்த சைஸ் வேணா போடு. ஆனா அஞ்சும் ஒண்ணாப் போடு. ஸ்டெப்னியோட சேத்து அஞ்சு.”

அவர் போன அரை மணி நேரத்தில் தெரிந்தது, கடையில் அந்த சைஸில் நாலுதான் இருந்தது. ஐந்தாவது வரப் பத்து நாள் ஆகும். முப்பதில் ஐந்தும் இருந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் நாலு பெரிய டயரைப் பார்த்தேன். புது ரப்பர் வாசனை, ஒவ்வொரு பல்லும் என் கட்டைவிரல் தடிமன்.

“நாலைப் போடுங்க மாமா. ஸ்டெப்னி வந்ததும் மாத்திக்கலாம்.”

“அப்பாகிட்ட மறக்காம சொல்லிடணும் பாப்பா. பழைய ஸ்டெப்னி நாலு அங்குலம் சின்னது. அவசரத்துக்கு மாட்டினா, நாலு சக்கரத்தையும் சேத்து ஓட்டற ஃபோர் வீல் லிவரைத் தொடவே கூடாது. நாலு காலும் ஒரே எட்டு எடுத்து வைக்கணும். ஒரு கால் குட்டைன்னா இடுப்பு எலும்பு முறிஞ்சிடும். உள்ள இருக்குற கியர்ப்பெட்டி அப்படியே பிடிச்சுக்கும். இறக்கத்துல பிடிச்சுக்கிட்டா...” என்று கையை விரித்தார்.

“சொல்லிடறேன்” என்றேன். அன்றைக்கு நிஜமாகவே சொல்லிவிடுவோம் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் பின்பக்கத்தைப் பார்த்தேன். முன்னால் இருந்து பார்த்தால் பயில்வான், பின்னால் அந்தச் சின்ன ஸ்டெப்னி, பயில்வான் குழந்தைச் சட்டையைப் போட்ட மாதிரி. பெரிய சைஸில் கறுப்பு உறை ஒன்று ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தேன். அதை மாட்டினால் தொளதொளவென்று தொங்கியது. என் கட்டில் மெத்தையின் ஓரத்திலிருந்து பஞ்சை நீளமாக வெட்டி எடுத்து, ஸ்டெப்னியைச் சுற்றிக் கட்டி, மேலே உறையைப் போட்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. படம் எடுத்து வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். எலிக்கால் என்று சொன்னவனே, “அடேங்கப்பா, செம மிரட்டலா இருக்கு” என்று எழுதியிருந்தான்.

சாயங்காலம் அப்பா வந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பின்கதவைத் தட்டிப் பார்த்தார். “அஞ்சும் ஆச்சா?”

“ம்” என்றேன்.

ஒரே ஒரு ‘ம்’. பத்து நாளில் புது டயர் வந்துவிடும், யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். பதினாலு நாள் ஆகிவிட்டது. டயர் வரவில்லை.

இன்றைக்கு எட்டரை மணிக்கு டவர் நின்றது. அப்பா கிளம்பும்போது மழை பெய்துகொண்டிருந்தது. நான் வாசலில் நின்றேன். சோடாபுட்டி மாமா ஏறும்போது, “என்னம்மா, ஏணி வச்சுத்தான் ஏறணும் போல இருக்கே! அடுத்த தடவை லிஃப்ட் வச்சுக் குடு” என்றார். அப்பா, “அவளைக் கிண்டல் பண்ணா உன்ன நடத்திக் கூட்டிட்டுப் போவேன்” என்றார். அப்போதும் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பத்து நாற்பதுக்கு அப்பா போன் பண்ணினார். வண்டியை விட்டுவிட்டு, கீழே ஊர் டவரின் சிக்னல் கொஞ்சம் எட்டுகிற பாறை வரை நடந்து வந்திருந்தார்.

“தூங்கலையா இன்ஜினியரம்மா?”

“இல்லப்பா. எங்க இருக்கீங்க?”

“எட்டாவது வளைவு. முன்னாடி இடதுபக்க டயர் போச்சு. கல்லு கிழிச்சிருச்சு, பக்கவாட்டுல. ஒட்ட முடியாது. உன் பயில்வான் முதல் குஸ்தியிலயே படுத்துட்டான்.” சிரித்தார். “பரவால்ல. ஸ்டெப்னி இருக்கே. மாட்டிட்டுக் கிளம்பிடறோம். அம்மாவைத் தேடிப் போய்ச் சொல்லிட்டு இருக்காத, பாவம், பதறிடுவா.”

“அப்பா...”

“சொல்லும்மா.”

மழைச் சத்தம் கேட்டது. அவர் காத்திருந்தார். எவ்வளவு நேரம் என்று போனில் பார்த்துவிட்டேன், மொத்தப் பேச்சே ஒரு நிமிஷம் நாலு விநாடி. அதில் ஒரு பத்து விநாடியாவது அவர் சும்மா காத்திருந்திருப்பார். ஸ்டெப்னி சின்னதுப்பா. மூன்றே நொடியில் சொல்லியிருக்கலாம்.

“ஜாக்கிரதைப்பா” என்றேன்.

“சரிடா” என்றார். கட் ஆகிவிட்டது.

உடனே திரும்பக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பதினேழு தடவை. சோடாபுட்டி மாமாவுக்கு ஒன்பது தடவை. அப்பாவின் ஆபீஸுக்குப் போட்டேன். தூக்கக் குரலில் ஒருத்தர், “டவர் நின்னுபோச்சும்மா, எங்களாலயே பேச முடியாது. சரியானதும் அவரே பேசுவார், தூங்கு” என்றார்.

பன்னிரண்டு மணிக்கு டயர்க்கடை மாமாவைக் கூப்பிட்டேன். அவர் கடைக்கு மேலேயே குடியிருக்கிறார், இழுவை வண்டியும் வைத்திருக்கிறார். முதலில் திட்டுகிற குரலில்தான் எடுத்தார். பஞ்சர் என்றதும் குரல் மாறியது.

“முன் வீலா? சரி. சின்னதை முன்னாடி போட்டா ஸ்டீயரிங் அந்தப் பக்கமே இழுக்கும். இடது பக்கம் பள்ளம் வேற. பின்னாடி இருந்து ஒரு பெரிய வீலைக் கழட்டி முன்னாடி போட்டுட்டு, சின்னதைப் பின்னாடி போடணும். அப்புறம் ஃபோர் வீல் போடாம மெதுவா... ஆனா இந்தச் சேத்துல ஃபோர் வீல் இல்லாம எப்படி...” பிறகு, “அப்பாவுக்குத் தெரியும்ல, ஸ்டெப்னி சின்னதுன்னு? நீ அன்னைக்கே சொல்லிட்டேல்ல?”

அப்போதுதான் அந்தப் பொய்யைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இப்போது யோசித்தாலும் புரியவில்லை. கேள்வி வந்தது, வாய் தானாகவே பதில் சொல்லிவிட்டது.

“அப்ப ஒண்ணும் பயமில்ல. தெரிஞ்ச மனுஷன், யோசிச்சுத்தான் பண்ணியிருப்பார். நீ படு பாப்பா.” வைத்துவிட்டார்.

வந்து உதவக்கூடிய ஒரே ஆளையும் நானே தூங்க அனுப்பிவிட்டேன்.

ஐந்து நிமிஷம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மெத்தையின் ஓரத்தில் நான் வெட்டிய இடம் போர்வைக்கு அடியில் பள்ளமாகக் காலில் பட்டது. குழாயடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். திரும்பவும் அவரைக் கூப்பிட்டேன்.

“மாமா, நான் சொல்லல.”

“என்ன சொல்லல?”

“அப்பாகிட்ட. ஸ்டெப்னிய. பஞ்சு கட்டி உறை போட்டுப் பெருசு மாதிரி பண்ணி வச்சிருந்தேன்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாவிக்கொத்துச் சத்தம்தான் கேட்டது, அப்புறம் மரப்படியில் இறங்குகிற சத்தம்.

“ஏன் பாப்பா...” என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார். “சரி, அதெல்லாம் அப்புறம். இப்பக் கேளு. உறையைப் பிரிச்சதுமே சின்னதுன்னு உங்கப்பா பாத்திருப்பார். அப்புறம் ரெண்டே வழிதான். ஒண்ணு, வந்த வழியே திரும்பி இந்தப் பக்கம் இறங்கணும். இல்லன்னா எப்படியாவது உச்சிக்கு ஏறி, வேலையை முடிச்சுட்டு, அந்தப் பக்கம் குவாரி ரோட்ல இறங்கணும். அது அகலம், சேறும் கம்மி. என் வண்டி இந்தப் பக்கம் மூணாவது வளைவுக்கு மேல ஏறாது. குவாரிப் பக்கம்னா மலையைச் சுத்தி நாப்பது கிலோமீட்டர். தப்பான பக்கம் போயிட்டா திரும்பி வர்றதுக்குள்ள விடிஞ்சிடும். புரியுதா?”

“புரியுது.”

“மலையடியில ரோடு பிரியுற இடத்துக்கு நான் போய்ச் சேர இருபது நிமிஷம் ஆகும். அங்க நின்னு உன்னைக் கூப்பிடுவேன். உங்கப்பா எனக்கு டயர் மாத்த வர்ற மனுஷன், அவ்ளோதான். உனக்குத்தான் அப்பா. பஞ்சைப் பாத்ததும் அவர் என்ன பண்ணியிருப்பார்னு யோசிச்சு வை.”

பதினெட்டு நிமிஷம் ஆகிவிட்டது. யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

டவரைச் சரி பண்ணாமல் அப்பா ஒரு நாளும் இறங்கி வந்ததில்லை. காய்ச்சலோடு ஏறியிருக்கிறார். ஒரு தடவை வண்டி நின்றுபோய், பேட்டரியைத் தோளில் வைத்து நடந்தே ஏறியிருக்கிறார். ஆம்புலன்ஸ்காரர்கள் பேசுவதும் இந்த டவரில்தான் என்பார். அப்படிப் பார்த்தால் மேலே போயிருப்பார். குவாரி ரோடு.

ஆனால் போன வருஷம் நான் மார்க் ஷீட்டில் அவர் கையெழுத்தை நானே போட்டது தெரிந்தபோது, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “என்கிட்ட சொல்ல முடியாத அளவுக்கு நான் என்ன பண்ணேன்?” என்று மட்டும் கேட்டார். அந்த அப்பா என்றால், மெத்தைப் பஞ்சைப் பார்த்த அடுத்த நிமிஷம் வீட்டுக்குத்தான் திரும்பியிருப்பார். இருட்டில், ஃபோர் வீல் இல்லாமல், எட்டு வளைவும் இறங்கி. அவர் பார்த்தால் அது என் மெத்தை என்று உடனே தெரியும். ஊதாப் பூப்போட்ட மெத்தைத் துணியை நான் முழுசாக உரிக்கவில்லை.

அந்தத் துணியை எடுத்து அவர் சோடாபுட்டி மாமாவிடம் காட்டியிருப்பாரா, பைக்குள் மறைத்திருப்பாரா என்றும் யோசிக்கிறேன். அது இப்போது தேவையில்லாத யோசனை. எந்தப் பக்கம் என்பதுதான் வேண்டும்.

ஜன்னலில் இருந்து பார்த்தால் மலை தெரியவில்லை. டவர் உச்சியில் எரிகிற சிவப்பு விளக்கும் இல்லை. மழை கொஞ்சம் குறைந்திருக்கிறது. இங்கே குறைந்தால் அங்கேயும் குறைந்திருக்கும் என்று அர்த்தமில்லை.

போன் அடிக்கிறது. டயர்க்கடை மாமா. இடது பக்கம் போனால் எங்கள் மலைப்பாதை, வலது பக்கம் போனால் குவாரி. அவர் ஒரு வார்த்தைதான் கேட்கப் போகிறார். நான் எடுத்தாக வேண்டும்.

அப்பா மேலே ஏறியிருப்பாரா, என்னிடம் திரும்பி வரப் பார்த்திருப்பாரா?